காரணம் அறியா வலியும் கடமை அறிந்த கருணையும்

எவ்வுயிரும் இன்பத்தை விரும்புகிறது. எவ்வுயிரும் வலிக்கு அஞ்சுகிறது. இவ்வுண்மையை அடித்தளமாகக் கொண்டு எழுந்ததே அருகப்பெருமான் அருளிய அறம் என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். கொல்லாமை, புலால் உண்ணாமை, இரவுண்ணாமை ஆகிய ஒழுக்கங்களை நாம் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வருகிறோம். ஆயினும், நம் பாதுகாப்பில் உள்ள ஓர் உயிர், எவரால் நேர்ந்தது, எதனால் நேர்ந்தது என்று அறிய இயலாத வலியில் துடிக்கும்போது நாம் செய்யத்தக்கது யாது? அதன் வினைப்பயன் என்று விட்டுவிடலாமா? குற்றம் எவருடையது என்று முதலில் ஆராய வேண்டுமா? இவ்வினாக்கள் ஏட்டில் படிக்கும்போது எளியனவாகத் தோன்றும். எம் இல்லத்தில் ஒரு சிற்றுயிரின் வடிவில் அவை வந்து நின்றபோதுதான் அவற்றின் கனத்தை உணர்ந்தோம்.

ஒரு காலைப் பொழுது

வந்தவாசிப் பகுதியிலிருந்து பனியன் தொழிலை நம்பித் திருப்பூரில் குடியேறிய குடும்பம் எமது. எங்கள் மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு, அவள் விரும்பிக் கேட்டாள் என்பதற்காக, ஒரு கினிப்பன்றியை விலை கொடுத்து வாங்கினோம். பெயரில் பன்றி இருப்பினும் அது அணில், எலி ஆகியவற்றைப் போன்ற கொறிக்கும் இனத்தைச் சேர்ந்தது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை நாடுகளில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வளர்க்கத் தொடங்கிய பிராணி. புல்லும் தழையும் காயுமே அதன் உணவு. மகள் அதற்கு முத்து என்று பெயரிட்டாள். கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் ஓசை கேட்டால் போதும்; அது கூண்டின் விளிம்பில் முன்கால்களை ஊன்றிச் சீழ்க்கை ஒலி எழுப்பும். எங்கள் இல்லத்தில் பொழுது விடிவது அவ்வொலியில்தான்.

சென்ற கோடையில் ஒரு நாள் காலை அவ்வொலி எழவில்லை. கூண்டின் மூலையில் முடி சிலிர்த்து, முதுகு கூனி, கண்களைப் பாதி மூடியபடி முத்து ஒடுங்கிக் கிடந்தது. இடப்புறப் பின்னங்கால் தரையில் ஊன்றாமல் தூக்கியபடி இருந்தது. தொட்டவுடன் அது எழுப்பிய கீச்சொலி, அதுவரை நாங்கள் கேட்டறியாதது. குருதி இல்லை, வெளிக்காயம் இல்லை. முழங்காலருகே சிறு வீக்கம் மட்டும் இருந்தது. கூண்டு பூட்டியபடியே இருந்தது. இரவில் நடந்ததைக் கண்டவர் எவரும் இலர்.

அப்போது நாங்கள் செய்ததை மறைக்காமல் கூறுவதே முறை. முதல் அரை மணி நேரம் நாங்கள் விசாரணை நடத்தினோம். நேற்று மாலை எவர் தூக்கியது? கூண்டை எவர் கழுவியது? மகன் தங்கையைக் குறிப்பிட்டான். தங்கை தலையை அசைத்து மறுத்தாள். ஒவ்வொருவர் குரலும் உயர்ந்தது. எம் அன்னையார் மட்டும் அமைதியாக, "அது முற்பிறப்பில் செய்த வினை. நாம் என்ன செய்ய முடியும்?" என்றார். இவ்வளவு நேரமும் முத்து மூலையில் நடுங்கியபடியே இருந்தது. குற்றவாளியைத் தேடிய எங்கள் சினமும், வினையென்று அமைந்த முதியவரின் அடக்கமும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும், அந்த அரை மணி நேரத்தில் அவ்வுயிருக்கு அவை இரண்டும் அளித்த பயன் ஒன்றே: அதன் வலி சிறிதும் குறையவில்லை.

அறிவில்லாத இரக்கம்

பின்னர் இரக்கம் மேலிட்டது. அதுவும் பிழையாக முடிந்திருக்கும். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கிய அமாக்ஸிசிலின் மருந்து பாதிப் புட்டி மீதமிருந்தது. குழந்தைக்குக் கொடுப்பதில் சில துளிகளைக் கொடுத்தால் வீக்கம் வற்றும் என்று எண்ணிப் புட்டியைத் திறந்தும் விட்டோம். பின் ஏதோ ஐயம் தோன்ற, அதனையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் சென்றோம். அவர் புட்டியைக் கண்டதும், "கொடுத்துவிட்டீர்களா?" என்றுதான் முதலில் வினவினார். பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால் கினிப்பன்றியின் குடலில் செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்கள் அழிந்து, தீய நுண்ணுயிர்கள் பெருகி, சில நாட்களில் உயிரே போகக்கூடும் என்று அவர் விளக்கினார். நாங்கள் கையில் ஏந்திச் சென்ற இரக்கம் ஒரு கொலைக் கருவியாக மாற இருந்தது.

நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மும்மணிகளில் ஞானம் ஒழுக்கத்துக்கு முன் வைக்கப்பட்டிருப்பதன் பொருளை அன்று ஓரளவு உணர்ந்தோம். உயிர்களின் இயல்பை அறியாதவன் அவற்றுக்கு நன்மை செய்ய முனைவது, இருட்டில் நடப்பவன் எறும்பை மிதிக்காமல் இருக்க முயல்வதைப் போன்றது. மனம் தூயதே, விளக்குத்தான் இல்லை.

மருத்துவர் பசுவையும் ஆட்டையும் மிகுதியாகக் கண்டவர். ஆயினும் பொறுமையுடன் தடவிப் பார்த்து, எக்ஸ்ரே எடுக்கச் செய்தார். எலும்பு முறிவு இல்லை. காரணம் இதுதான் என்று உறுதியாகக் கூற இயலாது என்றார். உயரத்திலிருந்து விழுந்திருக்கலாம், துணி நூல் காலைச் சுற்றி, அது விடுபட முயன்று இழுத்ததில் தசை பிசகியிருக்கலாம், வைட்டமின் சி குறைந்து மூட்டு வீங்கியிருக்கலாம். "காரணத்தைப் பிறகு தேடுவோம், இப்போது வலியைக் குறைப்போம்" என்று கூறி, அதன் எடைக்கேற்ற வலி நிவாரணியை அளந்து கொடுத்தார்.

அவர் உரைத்த இன்னொரு செய்தியையும் இங்கே கூற வேண்டும். பகைவிலங்குக்கு இரையாகும் உயிர்கள் தம் வலியை வெளிக்காட்டுவதில்லை. நலிந்தது என்று தெரிந்தால் முதலில் பிடிபடுவது அதுவே. ஆகவே கினிப்பன்றி வெளிப்படையாக வாடிக் கிடக்கும் நிலையில், அது பல மணி நேரமாகவோ சில நாட்களாகவோ துன்புற்றிருக்கக்கூடும். மேலும், அதன் குடல் இடையறாது இயங்க வேண்டியது. வலியால் உண்ணாமல் ஒரு நாள் கிடந்தாலே செரிமானம் நின்று, காயத்தால் போகாத உயிர் பட்டினியால் போய்விடும். ஆதலால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தீவனத்தை நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி நீக்கிய சிரிஞ்சினால் கடைவாயில் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும் என்றார். இரவிலும் புகட்ட வேண்டும்.

இரவுண்ணா இல்லத்தில் இரவு உணவு

கதிரவன் மறைந்தபின் அடுப்பு எரியாத இல்லம் எமது. எம் அன்னையார் அந்நோன்பைத் தம் சிறு வயது முதல் வழுவாது காத்து வருபவர். அவர் அமர்ந்திருக்கும் கூடத்தில் நள்ளிரவில் விளக்கேற்றி ஓர் உயிருக்கு உணவு புகட்டலாமா என்று நாங்கள் தயங்கினோம். அவரே முடிவு கூறினார்: "நோன்பு ஏற்றவர்கள் நாம். அது எந்த நோன்பை ஏற்றது? பகலிலும் இரவிலும் மேய்வது அதன் பிறவி." விரதம் என்பது தன்மீது தானே இட்டுக்கொள்ளும் வரம்பு, அதனைப் பிற உயிரின் பசியின்மீது சுமத்துவது விரதமாகாது என்பதை அவர் ஒரு சொல்லில் விளக்கிவிட்டார்.

ஆலையில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும் நாட்களில் நள்ளிரவு முறை எமது. விடியற்காலை முறை இல்லத்தரசியுடையது. இரண்டாம் நாள் இரவு, உறங்காமல் அருகே அமர்ந்திருந்த பேத்திக்கு அன்னையார் சீவகன் கதையைக் கூறினார். சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகத்தில் வரும் நிகழ்ச்சி அது. வேள்விக்குரிய உணவைத் தீண்டியது என்பதற்காக அந்தணர் அடித்து வீழ்த்திய ஒரு நாய் உயிர் ஊசலாடிக் கிடக்க, அவ்வழியே வந்த சீவகன் மனம் இரங்கி அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அந்த நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பிற்காலத்தில் அவனுக்கு உற்ற துணையாயிற்று. கதை முடிந்ததும் மகள் வினவினாள்: "பாட்டி, சீவகன் அந்த நாயிடம், இது உன் வினை என்று சொன்னானா?"

அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. பின், "இல்லையம்மா. அருகே உட்கார்ந்தான்" என்றார்.

வினை என்று சொல்லி விலகலாமா?

சிறுமியின் வினாவில் ஒரு பெரும் தத்துவச் சிக்கல் அடங்கியுள்ளது. நாம் வினைக் கோட்பாட்டை நம்புகிறோம். துன்ப உணர்வைத் தருவது அசாதா வேதனீய கர்மம் என்பது நம் நூல்களின் துணிபு. அவ்வாறாயின் முத்துவின் வலியும் அதன் வினைப்பயனே. அதில் நாம் இடையிடுவது எவ்வாறு பொருந்தும்?

இவ்வையத்துக்கு விடை, அக்கோட்பாட்டை உரைக்கும் நூலிலேயே உள்ளது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், பிறர்க்குத் துன்பமும் துயரமும் விளைவித்தல் அசாதா வேதனீயத்துக்குக் காரணம் என்று கூறுவதோடு நிற்கவில்லை. உயிர்களிடத்து இரங்கும் அனுகம்பை சாதா வேதனீயத்துக்குக் காரணம் என்றும் கூறுகிறது. பிற உயிரின் துன்பத்தைக் கண்டும் இரங்காதிருத்தல் வினைக் கோட்பாட்டுக்கு உடன்பட்டது என்றால், அனுகம்பைக்கு அங்கே இடமே இருந்திராது. மேலும் அனுகம்பை நற்காட்சியின் அடையாளங்களுள் ஒன்றாகவும் எண்ணப்படுகிறது. வினை உதயமாவதற்குப் பொருள், இடம், காலம் ஆகிய புறத்துணைகள் வேண்டும் என்பதும் நாம் அறிந்ததே. வலி வருவதற்கு ஒரு நூலிழை துணைக்காரணம் ஆகுமெனில், வலி தணிவதற்கு ஒரு துளி மருந்தும் ஒரு கையின் வெம்மையும் துணைக்காரணம் ஆகலாகாதோ?

ஆகவே வினை என்பது நம் துன்பம் வரும்போது நாம் பொறுமை கொள்வதற்காக உள்ள உண்மை. பிறர் துன்பத்தின்முன் அதனை உரைப்பவர், அவ்வுண்மையைத் தம் சோம்பலுக்குத் திரையாக்குகிறார்.

தலைநகர் தில்லியில், செங்கோட்டைக்கு எதிரே உள்ள திகம்பர ஜைன லால் மந்திரில் பறவைகளுக்கான அறமருத்துவமனை ஒன்று இயங்கி வருவதை நம்மவர் பலர் நேரில் கண்டிருப்பர். பட்டத்தின் மாஞ்சா நூலில் அறுபட்டவை, மின்விசிறியில் அடிபட்டவை எனப் பல பறவைகளை வழிப்போக்கர்கள் அங்கே கொணர்ந்து சேர்க்கின்றனர். அப்பறவை எவருடைய கவனக்குறைவால் அடிபட்டது என்பது பெரும்பாலும் எவருக்கும் தெரியாது. தெரியவில்லை என்பதற்காக மருந்திடல் நிற்பதில்லை. குணமான பறவைகளை வானில் விடுவிப்பது அங்குள்ள வழக்கம்.

எவர் குற்றம்?

மூன்றாம் நாள் இரவு, கூழ் புகட்டும்போது மகள் தாழ்ந்த குரலில், "அப்பா, அதற்கு முந்தின நாள் என் மடியிலிருந்து அது கட்டிலுக்குக் கீழே குதித்துவிட்டது. என்னாலா இப்படி ஆயிற்று? எனக்குப் பாவமா?" என்று கேட்டு அழுதாள். மூன்று நாட்கள் அப்பிள்ளை அதனைத் தனியே சுமந்திருக்கிறாள். முதல் நாள் காலையில் எங்கள் குரல் உயராமல் இருந்திருந்தால் அவள் அப்போதே கூறியிருப்பாள். மருத்துவருக்கும் அது உதவியிருக்கும். குற்றவாளியைத் தேடும் சினம் உண்மையை வெளிக்கொணரும் என்று எண்ணுகிறோம். அது உண்மையை இன்னும் ஆழமாக ஒளித்துவைக்கவே செய்கிறது.

மறுநாள் மருத்துவரிடம் கூறினோம். அதனாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அதன்பின் நாங்கள் ஒவ்வொருவரும் எம் பங்கை எண்ணிப் பார்த்தோம். தளத்தில் விரித்திருந்தது ஆலையிலிருந்து கொணர்ந்த பனியன் கட்டிங் வேஸ்ட். அதில் தொங்கிய நூல்களை நறுக்கும் வேலையை மகன் விட்டுவிட்டான். கழுவ எளிது என்று கம்பிவலைத் தளம் கொண்ட கூண்டை வாங்கியது நாமே. அச்சிறு பாதங்கள் வலைக்கண்ணில் சிக்கக்கூடும் என்று எண்ணவில்லை. கோடையில் கொத்தமல்லி விலை ஏறியபோது வெள்ளரிக்காயும் உலர் புல்லும் போதும் என்று முடிவு செய்தது இல்லத்தரசி. கினிப்பன்றியும் நம்மைப் போலவே வைட்டமின் சியைத் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள இயலாதது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 முதல் 30 மில்லிகிராம் வரை உணவில் கிடைத்தாக வேண்டும் என்பதை மருத்துவர் கூறிய பின்னரே அறிந்தோம். கொய்யாவும் குடைமிளகாயும் அதனை நிறையத் தருவன. கிழங்கு வகைகளைத் தேட வேண்டியதில்லை.

நம் காவியமாகிய யசோதர காவியத்தில், மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதற்கே அரசனும் அவன் தாயும் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர். அங்கே உயிர் ஏதும் மாளவில்லை; கொல்லும் எண்ணம் இருந்தது. எம் இல்லத்தில் நடந்தது அதன் மறுபக்கம். துன்புறுத்தும் எண்ணம் எவருக்கும் இல்லை. ஓர் உயிர் துன்புற்றது. எண்ணம் இல்லை என்பதால் நாம் குற்றமற்றவர் ஆவோமா? இம்சையை விளக்குமிடத்துத் தத்துவார்த்த சூத்திரம் பிரமத்த யோகம், அதாவது கவனமற்ற செயற்பாடு, என்பதையே முன்வைக்கிறது. இதனைத் தமிழ் பொச்சாப்பு என்று அழைக்கும். திருக்குறளின் 54ஆம் அதிகாரத்தின் பெயர் பொச்சாவாமை. எவர் கை என்பதைவிட, எவர் கவனம் தவறியது என்பதே நம் அறத்தின் வினா. அவ்வாறு வினவினால், எம் இல்லத்தில் விரல் நீட்டத் தகுதியுடையவர் எவரும் இலர்.

மகளுக்கு நாங்கள் கூறிய விடையும் இதுவே: "நீ வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அது மடியில் இருக்கும்போது இனித் தரையில் அமர்ந்துகொள். எங்களுக்கும் அவ்வாறே திருத்த வேண்டியவை உள்ளன." தவற்றை உணர்ந்து மீளும் பிரதிக்கிரமணம் என்பது சொல்லால் மட்டும் நிறைவேறுவதன்று, கூண்டின் தளத்தை மாற்றுவதும் அதில் அடங்கும்.

கூண்டும் ஓர் அதிசாரமே

இன்னும் ஒரு படி உள்ளே செல்ல வேண்டும். அகிம்சை அணுவிரதத்துக்கு நேரும் ஐந்து அதிசாரங்களை இரத்தினகரண்டக சிராவகாசாரமும் அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் கூறுகின்றன. உறுப்பை அறுத்தல், கட்டிவைத்தல், அடித்தல், மிகு சுமை ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இவற்றுள் அடித்தலை நாம் அஞ்சுகிறோம். கட்டிவைத்தலைப் பரிசு என்ற பெயரில் விலைக்கு வாங்குகிறோம். திருமலையில் 16 அடி உயரத்தில் விளங்கும் நேமிநாதப் பெருமான், தம் திருமண விருந்துக்காக அடைத்து வைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்டுத் துறவு பூண்டவர் அன்றோ? அவர் திருமுன் கைகூப்பி நின்ற நாம், வீடு திரும்பிக் கூண்டைப் பூட்டுகிறோம்.

தில்லிப் பறவையைப் போல் முத்துவை விடுவிக்க இயலாது. பல்லாயிரம் ஆண்டுகள் மனிதரைச் சார்ந்தே வாழ்ந்த அவ்வினம், திருப்பூரின் தெருவில் ஒரு பகல் வெயிலையும் தாங்காது. நாயும் பூனையும் மிச்சம் வைக்கா. ஆகவே விடுவிக்கவும் முடியாத, கட்டிவைக்கவும் உரிமையற்ற நிலையில் நாம் நிற்கிறோம். எஞ்சியுள்ள அறம், கட்டின் இறுக்கத்தைத் தளர்த்துவதே: விரிந்த இடம், மென்மையான தளம், நிழல், இனத்துணை. துணைக்காக மற்றொன்றை விலைக்கு வாங்கினால் இன்னொரு கூண்டு நிறையும். ஆதலால் வளர்க்க இயலாதவர் கைவிட நேரும் ஒன்றை மட்டுமே ஏற்பது என்று முடிவு செய்துள்ளோம்.

இவ்வினத்துக்கு நாம் பட்டுள்ள கடன் பெரிது. 1907இல் நார்வே நாட்டு அறிஞர்களான ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃபுரோலிக் ஆகிய இருவரும், தானியம் மட்டும் உண்பித்த கினிப்பன்றிகள் மாலுமிகளைப் போலவே ஸ்கர்வி நோயால் வாடுவதைக் கண்டனர். வைட்டமின் சி பற்றிய அறிவு வளர்ந்தது அவ்வழியில்தான். முத்துவின் மூட்டு வலிக்கு நாங்கள் கொடுத்த துளி, அதன் முன்னோர் பட்ட மூட்டு வலியிலிருந்து மனிதர் கற்றது. அழகுப் பொருட்களுக்காக விலங்குகளைச் சோதிப்பதை நம் நாடு 2014இல் தடை செய்தது. அது நல்ல தொடக்கம்.

நம் ஊரின் வலி

கட்டிங் வேஸ்ட் துணியில் தொங்கிய நூலைப் பற்றி எண்ணும்போது, அத்துணி வந்த வழியையும் எண்ணாமல் இருக்க இயலவில்லை. நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலந்து, ஒரத்துப்பாளையம் அணை வரை நீரும் நிலமும் கெட்டபோது, அது எந்த ஆலையின் சாயம் என்று எவரும் பிரித்துக் காட்ட இயலவில்லை. எம் ஒருவருடையது மட்டுமா என்று ஒவ்வொருவரும் வினவினர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட ஆணையிட்ட பின்னரே, கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத முறையைத் தொழில் துறை முழுமையாக ஏற்க வேண்டியதாயிற்று. இல்லறத்தார்க்குத் தொழில்வழி நேரும் உத்யோகி இம்சை முற்றிலும் தவிர்க்க இயலாதது என்று நம் நூல்கள் கூறுவது உண்மையே. ஆனால் அது கவனமின்மைக்கு வழங்கப்பட்ட அனுமதிச் சீட்டன்று. காரணம் பலரிடம் பரவிக் கிடக்கும்போது, கடமையும் அப்பலரிடமே பரவிக் கிடக்கிறது.

நான்காம் நாள் காலை, சமையலறையில் கொத்தமல்லிக் கட்டைப் பிரித்தபோது, மெலிந்த ஒரு சீழ்க்கை கேட்டது. அன்னையார்தான் முதலில் கேட்டார். அனைவரையும் கைகாட்டி அமைதிப்படுத்தினார். மூன்று வாரங்களில் முத்து நடக்கத் தொடங்கியது. இன்றும் சிறிது சாய்ந்தே நடக்கிறது. அன்றிரவு நடந்தது யாது என்பதை நாங்கள் இன்றுவரை அறியோம். இனி அறியப் போவதும் இல்லை. ஆனால் நூல் நறுக்கப்படுகிறது, கம்பிவலை அகற்றப்பட்டுவிட்டது, கொய்யாத் துண்டு நாள்தோறும் வைக்கப்படுகிறது, எங்கள் மகள் தரையில் அமர்ந்தே அதனை மடியில் ஏந்துகிறாள்.

அன்புடையீர்! நம் இல்லத்திலோ தெருவிலோ ஓர் உயிர் வலியில் கிடக்கக் காணும்போது, முதலில் அதன் அருகே அமர்வோம். அறிந்தவரிடம் கேட்டு வலியைத் தணிப்போம். அதன்பின் காரணத்தைத் தேடுவோம். அத்தேடலை நம்மிடமிருந்தே தொடங்குவோம்.

எல்லா உயிரும் நலம் பெறுக!